பஞ்சாபில் இருந்ததாகச் சொன்னேன்

ஒற்றைச் செருப்போடு பாரிமுனை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறேன். அதை எனக்குச் சொன்னது, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மீன்காரம்மாதான். "இன்னா நைனா, ஒரு கால்ல செருப்பு கீது, இன்னோரு கால்ல காணோம்?" என்றார். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. தண்டையார்பேட்டையில் ஏறும்போது கழன்று விழுந்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் பஸ்ஸின் தகரத் தரை சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. பயம் வந்தது அப்போதுதான்.

போன வருஷம், கார்கில் சண்டை நடந்த சமயம் அது, நல்ல வெயில் காலம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு வந்து, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக முதுகுவலி இருந்தது. யார்டில் கொடுத்த ஸ்டூலின் மேல் பழியைப் போட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. என் மனைவி சரோஜா டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். பட்டாளத்தில் இருந்தவனுக்கு ஒன்றும் வராது என்று ஒரு திமிர் எனக்கு. அந்தத் திமிரை ஒரு செருப்பு கழற்றிவிட்டது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோம். எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சப் பெட்டியில் மாட்டி, டாக்டர் பேனா முனையால் காட்டினார். முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஓர் இடைவெளி இருக்கும். எனக்கு இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் அந்த இடைவெளியே இல்லை. இரண்டு எலும்பும் அரித்துப்போய் ஒன்றோடொன்று உட்கார்ந்திருந்தன.

"டிபியா இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம். டிபி நுரையீரல்ல மட்டும்தான் வரும்னு இல்ல, எலும்பிலயும் வரும். எதுவா இருந்தாலும் உள்ள ஓடற தண்டுவடத்தை அழுத்துது. அதான் கால் மரத்துப்போகுது. எவ்வளவு அழுத்துதுன்னு எம்ஆர்ஐ எடுத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு சரோஜாவைப் பார்த்துச் சொன்னார். "லேட் பண்ணா ரெண்டு காலும் போயிடும்மா. அப்புறம் மருந்து குடுத்தாலும் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் சரோஜா கேட்டாள். "பட்டாளத்து ஆஸ்பத்திரி கீதே, பென்ஷன்காரங்களுக்குச் சும்மா பாப்பாங்களாமே, அங்க போலாமே?"

"அங்க போனா நாள் கணக்கா உக்கார வெச்சிடுவான். இங்கயே பாக்கலாம்" என்று எரிந்து விழுந்தேன்.

காரணம் அது இல்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டிஸ்சார்ஜ் புக் கேட்பார்கள். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. எந்தெந்த இடத்தில் இருந்தோம், எங்கே அடிபட்டோம், என்ன மெடல் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அது என் டிரங்குப் பெட்டியில் இருந்தது, சாவி என் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் இலங்கை என்று எழுதியிருந்தது. வீட்டில் நான் பஞ்சாப் என்று சொல்லியிருந்தேன்.

அந்தப் பொய்யை முதலில் நான் வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை, தலையை ஆட்டியதோடு சரி. பட்டாளத்துக் கடிதங்களுக்கு ஊர் பெயர் கிடையாது. ஒரு நம்பரும் ஏபிஓ என்ற மூன்று எழுத்தும்தான் முகவரி. மலையில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் உறையைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எண்பத்தேழில் எங்களை அமைதிப்படை என்று பெயர் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். முன்பு பஞ்சாபில் இருந்தவன் இன்னமும் அங்கேதான் இருக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் யாழ்ப்பாணம் பக்கத்தில் ரோட்டில் புதைத்திருந்த குண்டு வெடித்து எங்கள் வண்டி கவிழ்ந்தது. என் பக்கத்தில் இருந்தவன் செத்துப்போனான். எனக்கு இடது தொடைக்குள் ஓர் இரும்புத் துண்டு போனது. பெரிய ரத்தக் குழாயை ஒட்டிப் படுத்திருக்கிறது, தோண்டினால்தான் ஆபத்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பட்டாளத்து சர்ஜன் விட்டுவிட்டார். தழும்பு ஆறியதும் லீவில் வந்தேன். அப்போது சரோஜாவும் குழந்தையும் அவள் அண்ணன் தேசிங்கு வீட்டில் இருந்தார்கள். மச்சான் ஹார்பரில் வேலை. கரையில் நின்று கப்பல் வீசும் கயிற்றை வாங்கிக் கட்டுகிற கூட்டத்தில் ஒருவர். இலங்கைத் தமிழருக்காகத் தெருத் தெருவாக உண்டியல் குலுக்கியவர். அகதிகளாக வந்த ஒரு குடும்பத்தைத் தன் வீட்டு மாடியிலேயே தங்கவைத்திருந்தார்.

வந்த அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் சொன்னார். "நம்ம ஜனத்த நம்ம பட்டாளமே சுடுது மச்சான். அங்க போன எவனும் மனுசனே இல்ல. நல்லவேள, நீ பஞ்சாப்ல கீற."

நான் தலையை ஆட்டினேன். தொடைத் தழும்பைப் பார்த்துச் சரோஜா கேட்டபோது முள்கம்பி கிழித்தது என்றேன். லீவு முடிந்ததும் மறுபடி இலங்கைக்கே போனேன். அந்தத் தலையாட்டல் பதினோரு வருஷம் ஓடியது.

எம்ஆர்ஐ மெஷின் ஊரிலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தது. நாலு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை நர்சிங் ஹோமில் ஆறு கட்டில் போட்ட வார்டில் படுத்திருந்தேன். காலையில் டாக்டர் வந்து கால் கட்டைவிரலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்பார். முதல் நாள் சரியாகச் சொன்னேன். இரண்டாம் நாள் குத்துமதிப்பாகச் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் விரலைப் பிடித்திருக்கிறாரா என்பதே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, மேலே என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

வார்டில் ஒரு டிவி இருந்தது. நாள் முழுக்க கார்கில்தான். பனி மலை, பீரங்கி, கொடி போர்த்திய பெட்டிகள். நான் பட்டாளத்துக்காரன் என்று தெரிந்ததும் என் கட்டிலுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. எந்த வார்டிலோ யாரையோ பார்க்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள். நர்ஸம்மா ஊசியைக் கொஞ்சம் மெதுவாகப் போட்டார். பக்கத்துக் கட்டிலில் தூத்துக்குடிப் பக்கத்து மளிகை மொத்த வியாபாரி ஜெபராஜ் அண்ணாச்சி, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். இருமினால் தையல் வலிக்கும் என்று இருமலை அடக்கிக்கொண்டே போரை நடத்துவார்.

"எதுக்குச் சண்டைன்னு கேக்கவே கூடாது கேட்டியளா? நம்ம எல்லைக்குள்ள வந்துட்டான், அடிச்சு விரட்ட வேண்டியதுதான். எதுக்குன்னு கேக்கிறவன் எவனும் அந்தப் பனியில போயி நிக்கப் போறதில்ல."

சாப்பாடு எடுத்துவந்த மச்சான் ஒத்து ஊதினார். "மெய்யாலுமே அண்ணாச்சி. ஹார்பர்ல நாங்க ஒரு நாள் கூலிய அப்டியே ஜவானுங்களுக்குக் குடுத்துட்டோம். திரும்பி வர்றவனுக்கு இன்னா செஞ்சாலும் தகும்."

என் மகள் செல்வி பி.காம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "சிலோன்ல இருந்து திரும்பி வந்தாங்களே மாமா, அவங்களுக்கு யாராச்சும் ஆப்பிள் குடுத்தாங்களா?"

"அது வேற, இது வேற."

"எப்டி வேற?"

"அது நாம போவக் கூடாத சண்ட. யாருக்கு ஒத்தாசன்னு போனோமோ அவங்களயே அடிச்சோம். எதுக்குப் போனோம்னு போனவனுக்கே தெரியாது."

"சரி, தப்பான சண்டைன்னே வெச்சுக்கலாம். போன்னு சொன்னது யாரு? அதுல கால் போனவன் கால், தப்பான காலா?"

அண்ணாச்சி இருமலையும் மறந்து சிரித்துவிட்டுத் தையலைப் பிடித்துக்கொண்டார். மச்சான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கிவரப் போய்விட்டார். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிறையவே இருந்தது. எனக்கோ மகளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கீழ்ப்பாக்கம் பக்கம் இருந்த ஸ்கேன் சென்டருக்கு ஆம்புலன்ஸில் போனோம். ஏசி போட்ட காத்திருப்பு அறை. சரோஜா முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் உட்காரவே இல்லை. செல்வி கையில் ஒரு ஃபாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? இல்லை. ஆபரேஷனில் கிளிப் போட்டதுண்டா? இல்லை. கண்ணில் இரும்புத் தூள் விழுந்ததுண்டா? இல்லை.

"உடம்புல குண்டு, இல்ல குண்டோட துண்டு ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். "அப்பா விழுந்ததெல்லாம் யார்டு ஸ்டூல்ல இருந்துதான்."

"இல்லன்னு போடு" என்றேன்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லு மச்சான்" என்றார்.

"இல்லன்னா இல்ல. இன்னாத்துக்கு யோசிக்கணும்?"

செல்வி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

ஆஸ்பத்திரிகளில் ஆயிரம் ஃபாரம் நிரப்புகிறோம், அப்பா பெயரிலிருந்து ஜாதி வரை கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையும் அப்படி ஒன்றாகத்தான் நினைத்தேன். உள்ளே மெஷின் ஓட்டுகிற தம்பி என் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், தாயத்தைக் கழற்றச் சொன்னார். அரைஞாண் கயிற்றையும் அதிலிருந்த டிரங்குப் பெட்டிச் சாவியையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டார். தள்ளுகட்டிலில் இருந்து இறக்கி, வேறொரு பலகையில் என்னைப் படுக்கவைத்தார்.

"சாவிகூடவா ஆவாது?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கிறது பெரிய காந்தம் சார். ஆக்ஸிஜன் சிலிண்டரை மறந்து உள்ள கொண்டுபோனாகூட பறந்து வந்து ஒட்டிக்கும். சாவி எம்மாத்திரம்?"

என் கை தொடைக்குப் போனது. துணிக்கு அடியில் தழும்பு மேடாகத் தட்டுப்பட்டது. பெரிய ரத்தக் குழாயை ஒட்டிப் படுத்திருக்கிறது, தோண்டினால்தான் ஆபத்து. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குரல் அப்படியே கேட்டது. பலகை குழாய் மாதிரி இருந்த ஓட்டையை நோக்கி நகரத் தொடங்கியது. சொல்லாமல் இருந்துவிடலாம், ஒன்றும் ஆகாது, சொன்னால் வெளியே நிற்கிற மூன்று பேருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சாவைவிட மச்சானுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

தலை உள்ளே போவதற்குள் கேட்டேன். "தம்பி, சதைக்குள்ள ரத்தக் குழாய ஒட்டிகினு கீற இரும்பையும் இழுக்குமா?"

பலகை நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தள்ளுகட்டிலில் ஏற்றி நேராக வராந்தாவுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அங்கிருந்த டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அம்மா கையில் ஃபாரத்தோடு வந்தார். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "இதுல இல்லன்னு போட்டிருக்கீங்க! பழைய துண்டு, சதை மூடியிருக்கும், நிறையப் பேருக்கு நகராது. ஆனா ரத்தக் குழாய் பக்கத்துல இருக்குன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். எங்க பட்டது? எந்த வருஷம்?"

சரோஜா, செல்வி, மச்சான் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். நான் உத்தரத்தைப் பார்த்துச் சொன்னேன். "எண்பத்தெட்டு. யாழ்ப்பாணம் பக்கத்துல."

முதலில் பேசியது சரோஜாதான். "பஞ்சாப் சால்வைன்னு ஒண்ணு வாங்கியாந்து குடுத்தியே, தொண்ணூறுல. அதுல பாரிமுனக் கட சீட்டு ஒட்டிகினு இருந்திச்சி. ஏன் பொய் சொல்றான் இந்த ஆளு, எவளாச்சும் இருக்காளோன்னு நெனச்சி ஒரு வருசம் அழுதேன். என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நிலையிலும் எனக்கும் சிரிப்பு வந்தது. செல்வி டாக்டரிடமிருந்து ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, தான் போட்ட டிக்கை அடித்துவிட்டு, 'உண்டு' என்ற கட்டத்தில் அழுத்திப் போட்டாள்.

ஆம்புலன்ஸ் திரும்பி வரும் வரை வராந்தாவிலேயே படுத்திருந்தேன். சரோஜாவும் செல்வியும் பணத்தைத் திருப்பி வாங்கப் போனார்கள். மச்சான் என் கால்மாட்டில் வந்து நின்றார்.

"உன் கப்பலுக்குக் கயிறு வாங்கினது நான்தான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தொண்ணூறுல, நீங்கள்லாம் திரும்பி வந்தீங்களே. கயிறு வாங்கிக் கட்டிட்டு நிமுந்தேன். மேல கம்பியப் புடிச்சிகினு நீ நிக்கிற. எங்க ஆளுங்க கொஞ்சம் பேரு, கப்பல்ல இருந்து எறங்குற பட்டாளத்துக்கு முதுகக் காட்டி நிக்கறதுன்னு பேசி வெச்சிருந்தோம். எல்லாம் திரும்பிட்டானுங்க. உன்னப் பாத்துட்டு, பாத்ததுக்கு அப்புறம்தான், நானும் திரும்பினேன்."

கரையில் பட்டாளத்து அதிகாரிகள் நின்றார்கள், பேண்டு வாசித்தார்கள். ஊர் ஜனம் வரவில்லை. மேலே இருந்து நான் பார்த்தது ஒரு வரிசை முதுகுகளைத்தான். அதில் ஒரு நீலச் சட்டையை, வலது தோள் கொஞ்சம் இறங்கிய ஒரு முதுகை, எனக்கு அடையாளம் தெரிந்தது. முகத்தைக் காட்டாததால் அவர் என்னைப் பார்க்கவில்லை என்று ஒன்பது வருஷம் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் சரோஜா இருந்த மச்சான் வீடு. பத்து நாள் கழித்து, சாதாரண சட்டை போட்டுக்கொண்டு, பாரிமுனையில் சால்வை வாங்கிக்கொண்டு, பஞ்சாபில் இருந்து வருகிறவன் மாதிரி வந்தேன். இந்த மனுஷன்தான் கதவைத் திறந்தார். "ரயில் லேட்டா மச்சான்?" என்று கேட்டார்.

"ரயிலு லேட்டான்னு கேட்டியே, பாவி" என்றேன். "தெரிஞ்சிகினேவா கேட்ட?"

"பின்ன இன்னான்னு கேக்கறது? நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ பஞ்சாப் வெயிலப் பத்திப் பேசின. சரி, அவனுக்கும் சொல்ல இஷ்டம் இல்ல, எனக்கும் கேக்க மூஞ்சி இல்லன்னு வுட்டுட்டேன். தொடைல துண்டு கீதுன்னு சத்தியமா தெரியாது மச்சான். தெரிஞ்சிருந்தா அந்த ஃபாரத்தப் புடுங்கி நானே எழுதிருப்பேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சண்ட தப்புதான். இப்பவும் சொல்றேன், செத்தாலும் சொல்லுவேன்."

"நான் ரைட்டுன்னு சொன்னேனா?"

அவரிடம் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். தமிழ் தெரியும் என்பதால் செக்போஸ்டில் என்னைத்தான் நிறுத்துவார்கள். ஒரு நாள் ஒரு பெண் மாவு மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். பிரித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "நீங்கள் தமிழோ? பிறகு ஏன் இஞ்ச வந்தனீங்கள்?" நான் பதில் சொல்லாமல் போகச் சொன்னேன். அதற்கப்புறம் குண்டு வெடித்தது, நண்பன் செத்தான், எல்லாம் நடந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

"எதுக்குப் போனோம்னு நீங்க எல்லாரும் உக்காந்து பேசுங்க மச்சான், பேசத்தான் வேணும்" என்றேன். "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் என் காலு காத்துகினு இருக்காது."

மச்சான் என் இடது பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிடித்தது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

அன்றைக்கே டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. செல்வி டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நர்சிங் ஹோம் பில்லைக் கட்ட சரோஜாவின் செயின் அடகுக்குப் போனது. ஒரு பைசா செலவில்லாமல் முதல் நாளே போயிருக்க வேண்டிய இடத்துக்கு, கால் பாதி போனபின் போய்ச் சேர்ந்தேன். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் குமாஸ்தா ஃபாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, சண்டையில் காயம்பட்டது எங்கே என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மச்சான் சொன்னார். "ஸ்ரீலங்கா. எழுதிக்கோ சார், ஸ்ரீலங்கா." குமாஸ்தாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. இருந்தாலும் இரண்டு தரம் சொன்னார்.

"முதல்லயே ஏன் இங்க வரல?" என்று பட்டாளத்து டாக்டர் கேட்டார். என்னைவிட வயதில் சின்னவர். காந்தம் இல்லாத சிடி ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே முதுகில் நீளமான ஊசியை விட்டுச் சீழை எடுத்துச் சோதித்தார்கள். டிபிதான், கட்டி இல்லை. டிபி என்று கேட்டு சந்தோஷப்பட்ட குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். ஒன்றரை வருஷம் மாத்திரை. அதில் ஒரு மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக் கூடாது. எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை, நான் நன்றாகவே பயந்தேன்.

அந்த வார்டில் கார்கிலில் கால் விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்த, நாயக் ரேங்க்கில் ஒரு பையன் இருந்தான். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். அவன் கட்டிலைச் சுற்றி எப்போதும் கூட்டம், மாலை, போட்டோ. கூட்டம் போனபின் ஆப்பிள் கூடையை என் பக்கம் தள்ளினான். "நல்லாத்தான் இருக்குதுண்ணே. அடுத்த வருஷமும் வருவாங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. வருவார்கள் என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில், டாக்டர் கட்டைவிரலைப் பிடிக்கும்போது சரியாகக் கீழே என்று சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் சரியாகச் சொன்னேன். அழுதுவிட்டேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். எழுந்து உட்காரும்போதெல்லாம் முதுகுக்கு ஒரு பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும். கெட்டித் துணியில் பட்டை வைத்துத் தைத்தது, பின்பக்கம் நாடா போட்டு இறுக்க வேண்டும். படுத்தபடியேதான் கட்ட வேண்டும், தளர்ந்தால் பிரயோஜனம் இல்லை. சரோஜா கட்டினால் அரை மணியில் நழுவிவிடும். செல்வி கட்டினால் மூச்சு முட்டும். ஆகவே தினமும் காலை ஷிப்ட்டுக்குப் போகும் முன் மச்சான் வருகிறார். கப்பலைக் கட்டுகிற கை, சாயங்காலம் வரை அசையாது.

கட்டும்போது சண்டை போட்டுக்கொள்வோம். எதுக்குப் போனீங்க என்பார். போகச் சொன்னவனைக் கேள் என்பேன். உனக்குன்னு ஒரு மனசு இல்லையா என்பார். அந்த மாவு மூட்டைப் பெண் கேட்டதை அவருக்கு ஞாபகப்படுத்துவேன். இரண்டு பேரும் ஜெயித்ததில்லை. நேற்று அப்படிப் பேச்சு ஏறி, "நீங்கள்லாம் போயிருக்கவே கூடாது" என்று கத்தினார். சரோஜா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். கத்தினாரே தவிர, கை நாடாவை விடவில்லை. நான் சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முதுகை அவருக்குக் காட்டியபடி படுத்திருந்தேன். கடைசி முடிச்சைப் போட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப திரும்பு மச்சான்" என்றார்.